ஏற்காட்டு வீட்டுக்கு கேம் ஏற்றிக் கொடுப்பது எப்படி?

சேலம் அஞ்சு ரோடு பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். மலையிலிருந்து வரும் லேப்டாப்களில் ஒரு புகார் அடிக்கடி வரும். கடை வைஃபையில் போட்டுப் பார்த்தால் கேம் ஓடும். நாகலூர் பக்கமோ வெள்ளக்கடை பக்கமோ வீட்டுக்குக் கொண்டுபோனால் ஓடாது. லேப்டாப்பில் எந்தக் கோளாறும் இருக்காது. தனியாக ஒருவர் உட்கார்ந்து ஆடுகிற கேம்தான், ஆனால் திறக்கும்போதே கம்பெனி சர்வரிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் திறக்கிறது. மேலே சிக்னல் ஒரு கோடு வரும், போகும். கோடை விழா சமயத்தில் சுற்றுலாக் கூட்டம் ஏறிவிட்டால் அந்த ஒரு கோடும் பேருக்குத்தான்.

என் அக்கா வீடு அங்கேதான். அக்கா வீட்டுக்காரருக்கு எஸ்டேட் வேலை. பையன்கள் இரண்டு பேருக்கும் கேம் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். அவர்களுக்காகச் செய்து செய்தே, மலைக்குப் போகிற கம்ப்யூட்டரை எப்படித் தயார் செய்வது என்று எனக்கு ஒரு முறை பழகிவிட்டது. ஏற்காடுதான் என்று இல்லை, கொல்லிமலை, கல்வராயன் மலை எங்கே இருந்தாலும் இது பொருந்தும்.

பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியது

கிராபிக்ஸ் எப்படி, எத்தனை ஜிபி என்பதெல்லாம் அப்புறம். நெட் இல்லாமல் புதிதாக இன்ஸ்டால் செய்ய முடியுமா, நெட் இல்லாமல் திறக்குமா என்ற இரண்டு கேள்விக்கு முதலில் பதில் தெரிய வேண்டும். இதைக் கேம் விற்கும் இணையக் கடையின் பக்கத்தில் தேடினால் மூலையில் பொடி எழுத்தில் இருக்கும், அல்லது இருக்காது. பிசி கேமிங் விக்கி என்ற இணையதளத்தில் கேம் பெயரைப் போட்டால், எந்தக் கடையில் வாங்கினால் எந்தப் பூட்டு இருக்கும் என்று ஒரு அட்டவணையில் போட்டிருப்பார்கள். அந்தப் பூட்டுக்குத்தான் டிஆர்எம் என்று பெயர். 'டிஆர்எம் இல்லாதது' என்று இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். 'எப்போதும் ஆன்லைன்' என்று இருந்தால், எவ்வளவு நல்ல கேமாக இருந்தாலும் மலைக்கு வேண்டாம்.

'எப்போதும் ஆன்லைன்' கேமுக்கு வேறொரு ஆபத்தும் உண்டு. யுபிசாஃப்ட் கம்பெனியின் 'தி க்ரூ' என்ற கார் ரேஸ் கேம் 2014 டிசம்பரில் வந்தது. அமெரிக்கா முழுக்க வண்டி ஓட்டலாம், தனியாகவும் ஆடலாம். ஆனால் சர்வர் இல்லாமல் திறக்காது. 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தினார்கள், அன்றோடு கேம் செத்துவிட்டது. காசு கொடுத்து டிஸ்க் வாங்கி அலமாரியில் வைத்திருந்தவருக்கும் அதே கதிதான். அந்தக் கோபத்தில் ராஸ் ஸ்காட் என்ற அமெரிக்க யூடியூபர் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கான அவர்களுடைய மனுவில் கையெழுத்து 10 லட்சத்தைத் தாண்டியது. அவர்கள் இலவசமாக எதுவும் கேட்கவில்லை. சர்வரை மூடும்போது, வாங்கியவன் வீட்டிலாவது ஓடும்படி விட்டுவிட்டுப் போங்கள் என்கிறார்கள். எனக்கு இது நியாயமாகத்தான் படுகிறது.

'வாங்கு' என்ற பட்டனை அமுக்குகிறோம், கிடைப்பது பயன்படுத்தும் உரிமம் மட்டும். போக்கியத்துக்கு எடுத்த வீட்டில்கூட காலி செய்யும்போது பணம் திரும்ப வரும். இதில் அதுவும் இல்லை. கலிபோர்னியாவில் 2024ல் ஒரு சட்டம் போட்டார்கள், 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. உரிமம்தான் தருகிறாய் என்றால் அதை வாங்குபவனுக்குத் தெளிவாகச் சொல், சொல்லாமல் 'வாங்கு' என்று எழுதாதே என்பதுதான் சாரம். நிரந்தரமாக டவுன்லோடு செய்து, நெட் இல்லாமல் வைத்துக்கொள்ளக் கொடுக்கிற கடைகளுக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு. நாம் தேட வேண்டியது அந்த விலக்குக்குள் வருகிற கடைகளைத்தான்.

எந்தக் கடை

என் முதல் தேர்வு ஜிஓஜி. போலந்தில் 2008ல் தொடங்கிய கடை. கேமுக்குப் பூட்டுப் போடுவதில்லை என்பதுதான் அவர்கள் வியாபாரமே. வாங்கிய பிறகு இணையதளத்தில் உங்கள் லைப்ரரிக்குப் போய் கேமைத் திறந்தால், 'ஆஃப்லைன் பேக்கப் இன்ஸ்டாலர்' என்று தனியாக ஒரு பகுதி இருக்கும். அதைத்தான் இறக்க வேண்டும். கேலக்ஸி என்ற அவர்களுடைய செயலி வழியாக நேராக இன்ஸ்டால் செய்துவிட்டு 'வேலை முடிந்தது' என்று நினைக்காதீர்கள். ஹார்டு டிஸ்க் போனால் மறுபடி நெட்தான் வேண்டும்.

பெரிய கேம் என்றால் ஒரு செட்டப் கோப்பும், கூடவே வரிசை எண் போட்ட 'பின்' (.bin) வகைக் கோப்புகள் பலவும் வரும். எல்லாம் ஒரே போல்டரில் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் பாதி இன்ஸ்டாலில் நின்றுவிடும். வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்குக் கார்டைத் திறந்து வைத்துக்கொண்டு பணம் கட்டுங்கள், முடிந்ததும் மூடிவிடுங்கள்.

சின்னச் சின்ன கேம்களுக்கு இட்ச் டாட் ஐஓ நல்ல இடம். ஒரு ஆள், இரண்டு ஆள் உட்கார்ந்து செய்த கேம்கள் அங்கே நிறைய. ஜிப் கோப்பை இறக்கி விரித்தால் பெரும்பாலும் அப்படியே ஓடும்.

ஸ்டீம் என்ற கடையைப் பற்றித்தான் எல்லோரும் கேட்பார்கள். ரூபாயில் விலை, அடிக்கடி தள்ளுபடி, கேம்கள் ஏராளம். எனக்கும் அங்கே கணக்கு உண்டு. 2024 அக்டோபரிலிருந்து பணம் கட்டும் இடத்திலேயே 'இது உரிமம்தான்' என்று எழுதிவிட்டார்கள். அந்த மட்டும் நேர்மை. ஸ்டீமில் விற்கிற சில கேம்களுக்குப் பூட்டு கிடையாது. போல்டரைத் திறந்து கேமை நேராக கிளிக் செய்தாலே ஓடும். மற்றவைக்கு ஆஃப்லைன் மோடு இருக்கிறது. ஆனால் அதை மலை ஏறும் முன்பே செய்துவிட வேண்டும். கீழே நெட்டில் இருக்கும்போது லாகின் செய்து, 'ரிமெம்பர் மீ' டிக் அடித்து, எல்லா அப்டேட்டையும் முடித்து, ஒவ்வொரு கேமையும் ஒருமுறை திறந்து மெனு வரை போய் மூடி, கடைசியில் ஸ்டீம் மெனுவில் 'கோ ஆஃப்லைன்' கொடுங்கள். இந்த வரிசையில் ஒன்றை விட்டாலும் மேலே போய்த்தான் தெரியும். ஸ்டீம் எடுத்துத் தரும் பேக்கப்பை நம்பி நெட் இல்லாத இடத்தில் புதிதாக ஏற்ற முடியாது, அதற்கும் லாகின் கேட்கும். ஸ்டீமுக்குள்ளேயே வேறு கம்பெனியின் லாஞ்சர், அதாவது கேமைத் திறக்கும் செயலி, இன்னொன்று திறக்கிற கேம் என்றால் இரட்டைத் தலைவலி, தவிர்த்துவிடுங்கள்.

மாதச் சந்தா சேவைகள் மலைக்கு ஒத்துவராது. சந்தா நின்றால் கேமும் போச்சு.

கிராக் போட்டுத் தரச் சொன்னால்

கிராக் என்றால் பூட்டை உடைத்த திருட்டு நகல். கடையில் தினமும் நடக்கிற பேச்சு இது.

"என்னங்க, இதுக்கு எதுக்குங்க காசு? கிராக் பண்ணது ஒண்ணு ஏத்திக் குடுத்துருங்க."

"அது நம்ம கடையில கிடையாதுங்க."

"பக்கத்துல எல்லாம் போட்டுத் தர்றாங்களே?"

தருவார்கள்தான். நான் தராததற்குக் காரணம் பக்தியோ பயமோ என்று சிலர் நினைக்கிறார்கள். பயமும் கொஞ்சம் உண்டு. நம் நாட்டு 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 63பி என்று ஒரு பிரிவு இருக்கிறது. திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு மென்பொருளைக் கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். வீட்டில் சும்மா பயன்படுத்தியவனுக்கு நீதிமன்றம் சிறை இல்லாமல் அபராதத்தோடு விடலாம். கடை வைத்துக் காசு வாங்குகிறவனுக்கு அந்தச் சலுகை இல்லை.

அதைவிடப் பெரிய காரணம், அந்தக் கோப்புகளை யார் செய்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. 'ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்' என்று எழுதியிருப்பதைப் படித்த பிறகும் ஒருவர் அடுத்த பட்டனை அமுக்குகிறார் என்றால், அதே லேப்டாப்பில் அவர் பேங்க் பாஸ்வேர்டும் இருக்கிறது என்பதை யோசிக்கவில்லை. மலை வீட்டில் இது இன்னும் மோசம். நெட் இல்லாததால் ஆன்டிவைரஸ் அப்டேட்டும் இருக்காது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். பூட்டுப் போட்டவர்களால் அதிகம் அடிபட்டது காசு கொடுத்தவன்தான். 2000களில் வந்த ஒரிஜினல் கேம் சிடிக்களை இன்றும் சிலர் பத்திரமாக எடுத்து வருகிறார்கள். சேஃப்டிஸ்க் என்ற பூட்டு போட்ட சிடி என்றால் விண்டோஸ் 10ல் ஓடாது. பூட்டுக்கான டிரைவரில் பாதுகாப்பு ஓட்டை இருந்ததால் மைக்ரோசாஃப்ட் அதை விட்டுவிட்டது. திருட்டு நகல் வைத்திருந்தவனுக்கு இன்றும் ஓடும், ஒரிஜினல் வாங்கியவனுக்கு ஓடாது. அப்படிச் சிடி கொண்டுவருபவர்களிடம், அதே கேம் ஜிஓஜியில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்வேன். பழைய கேம்களை இன்றைய விண்டோஸில் ஓடும்படி சரிசெய்து, விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்துக் கேம் என்றால், அதை ஓட்டுகிற டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருளோடு சேர்த்தே தருகிறார்கள்.

எல்லாப் பழைய கேமும் அங்கே கிடைக்காது. அமெரிக்காவில் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023ல் ஒரு ஆய்வு வெளியிட்டது. 2010க்கு முன் அந்த நாட்டில் வந்த கேம்களில் 87 சதவீதத்தை இன்று எந்தக் கடையிலும் வாங்க முடியாது என்கிறது. 'விற்கவே இல்லையே, அப்போ எடுத்துக்கலாம்தானே?' என்று கேட்பார்கள். சட்டப்படி இல்லை. நம் சட்டத்தில் கம்ப்யூட்டர் நிரலும் இலக்கியப் படைப்பு என்ற கணக்கில்தான் வருகிறது. எழுதியவர் வாழ்நாளும், அதற்கு மேல் 60 ஆண்டும் உரிமை நீடிக்கும். கம்ப்யூட்டரே 10 ஆண்டில் காயலான் கடைக்குப் போகிற உலகத்தில் இவ்வளவு நீளம் எதற்கு என்பது என் தனிப்பட்ட எரிச்சல்.

ஆனால் முறையாக வாங்கிய மென்பொருளுக்கு, தொலைந்துபோனால் கெட்டுப்போனால் என்று ஒரு காப்பு நகல் எடுத்து வைத்துக்கொள்ள அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது. இன்ஸ்டாலரை வெளி டிரைவில் போட்டு வைப்பதற்குத் தயங்கவே வேண்டாம். அதை ஊருக்கெல்லாம் பங்கு போடுவதுதான் தப்பு.

காசே வேண்டாம் என்றால்

திருடாமலே இலவசமாக ஆடுவதற்கு நிறைய இருக்கிறது. கிராக் கேட்டு வருபவர்களுக்கு இதைத்தான் பென் டிரைவில் போட்டுத் தருகிறேன். நகல் எடுக்க, கொடுக்க எல்லா அனுமதியும் கேம் செய்தவர்களே தந்திருக்கிறார்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு சூப்பர்டக்ஸ்கார்ட். கார் ரேஸ், ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு பேர் சேர்ந்தும் ஆடலாம். அக்கா மகன்களுக்குள் சண்டை வந்ததும் இதில்தான், சமாதானம் ஆனதும் இதில்தான். கொஞ்சம் பெரியவர்களுக்கு 0 ஏ.டி. பழங்காலப் பேரரசுகளைக் கட்டி ஆளும் கேம், மௌரியர்களும் உண்டு, யானைப்படையோடு. பொறுமைசாலிகளுக்கு பேட்டில் ஃபார் வெஸ்நாத். பழைய லேப்டாப்பிலும் ஓடும், ஒரு மழைக்காலத்தையே அதில் ஓட்டிவிடலாம். பஸ், ரயில், லாரி விட்டு லாபம் பார்க்க ஓபன்டிடிடி. முதலில் இதற்கு ஒரு பழைய கேமின் கோப்புகள் வேண்டியிருந்தது. 2010ல் வந்த 1.0 பதிப்பிலிருந்து படம், ஒலி எல்லாம் இலவசமாகச் செய்தவையே போதும். லுவாண்டி என்பது முன்பு மைன்டெஸ்ட் என்று இருந்தது, கட்டைகளை அடுக்கி உலகம் கட்டுகிற வகை. அதில் கேம்களைத் தனியாக இறக்க வேண்டும், அதையும் கீழேயே செய்துவிடுங்கள்.

டூம் பற்றி ஒரு வார்த்தை. 1993ல் வந்த கேம். அதன் நிரலை 1997ல் வெளியிட்டு, 1999ல் முழுச் சுதந்திர உரிமமும் கொடுத்துவிட்டார்கள். அதனால் 'டூம் ஃப்ரீ' என்று பலர் நினைக்கிறார்கள். நிரல்தான் இலவசம், படமும் ஒலியும் மேடைகளும் இன்னும் விற்பனைக்குத்தான். ஃப்ரீடூம் என்று ஒன்று இருக்கிறது. அந்தப் படம், ஒலி எல்லாவற்றையும் தன்னார்வலர்கள் புதிதாகச் செய்து வைத்திருக்கிறார்கள். அதைப் போட்டால் வம்பே இல்லை.

கேம் ஏற்றும்போதே கிவிக்ஸ் செயலியையும் தமிழ் விக்கிப்பீடியாவின் ஜிம் (.zim) கோப்பையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள். நெட் இல்லாமலே முழு விக்கிப்பீடியா. அக்கா என்னைத் திட்டாமல் இருப்பதற்கு அதுதான் காரணம்.

கம்ப்யூட்டரைத் தயார் செய்வது

டவுன்லோடு எல்லாம் சேலத்திலேயே முடியட்டும். 100 எம்பிபிஎஸ் ஃபைபரில் 10 ஜிபி இறங்க கால் மணி நேரம்கூட ஆகாது, தட்டுவடை செட் வாங்கிச் சாப்பிட்டு வருவதற்குள் முடிந்துவிடும். மேலே போனில் நாளுக்கு 2 ஜிபி பிளானில் 40 ஜிபி கேம் இறக்க 20 நாள் வேண்டும், அதுவும் சிக்னல் ஒத்துழைத்தால்.

வெளி டிரைவை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். ஃபேட் 32 என்றால் 4 ஜிபியைத் தாண்டிய கோப்பை ஏற்காது, 'கோப்பு ரொம்பப் பெரியது' என்று சொல்லிவிடும். டிரைவ் காலியாகக் கிடக்கும், காப்பி ஆகாது. இதற்காகவே கடைக்கு வருபவர்கள் உண்டு.

விஷுவல் சி++, டைரக்ட்எக்ஸ் என்ற துணைப் பொருட்களைத் தனியாக இறக்கி டிரைவில் வையுங்கள். டைரக்ட்எக்ஸில் வெப் இன்ஸ்டாலர் வேண்டாம், அது நெட்டைத் தேடும். 2010 ஜூன் என்று போட்டிருக்கும் முழுத் தொகுப்புதான் வேண்டும். கிராபிக்ஸ் டிரைவரும் அப்படியே. அப்புறம் விண்டோஸ் அப்டேட்டை முழுதாக முடித்துவிடுங்கள். விண்டோஸ் 10க்கான சாதாரண ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. பழைய கம்ப்யூட்டர் என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டுத் தருகிறேன். மேலே சொன்ன இலவச கேம்கள் எல்லாம் அதில் நன்றாக ஓடும்.

புது லேப்டாப் விண்டோஸ் 11 என்றால், டிஸ்க்கையே பூட்டி வைக்கிற பிட்லாக்கர் என்ற வசதியின் சாவியைக் கட்டாயம் எடுத்து வையுங்கள். 48 இலக்க எண். மைக்ரோசாஃப்ட் கணக்கில் ஆன்லைனில் இருக்கும். பயாஸ் என்ற போர்டின் அடிப்படை அமைப்பில் ஏதாவது மாறி விண்டோஸ் அந்தச் சாவியைக் கேட்டால், நெட் இல்லாத வீட்டில் லேப்டாப் வெறும் பெட்டிதான். காகிதத்தில் எழுதி பீரோவில் வைக்கச் சொல்லுங்கள். பழைய டெஸ்க்டாப் என்றால் போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரியை மாற்றிவிடுங்கள். கரண்ட் போய்ப் போய் வருகிற இடத்தில் அது தீர்ந்திருந்தால் தேதி பின்னால் ஓடிவிடும், உரிமம் சரிபார்க்கிற மென்பொருள் எல்லாம் குழம்பும்.

எல்லாம் முடிந்ததும் கடைசிச் சோதனை. வைஃபையை அணைத்து, கேபிளைப் பிடுங்கி, கம்ப்யூட்டரை மறுபடி ஸ்டார்ட் செய்து ஒவ்வொரு கேமையும் திறந்து பாருங்கள். ஒரு கேமையாவது அழித்துவிட்டு வெளி டிரைவிலிருந்து புதிதாக இன்ஸ்டால் செய்யுங்கள். 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப்போய்க் கண்டுபிடிப்பதை இங்கேயே கண்டுபிடித்துவிடலாம்.

போன் கேம் என்றால் ஏரோப்ளேன் மோடில் போட்டுத் திறந்து பாருங்கள். அவ்வளவுதான்.

கன்சோல் வைத்திருப்பவர்கள் டிஸ்க் என்றால் கவலையில்லை என்று நினைப்பார்கள். பாதி சரி. டஸ் இட் ப்ளே என்ற தளத்தில், எந்த டிஸ்க் நெட் இல்லாமல் முழுதாக ஓடும் என்று சோதித்துப் போட்டிருக்கிறார்கள், பார்த்துவிட்டு வாங்குங்கள். 2025ல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2க்கு 'கேம் கீ கார்டு' என்று விற்கிறார்கள். கார்டுக்குள் கேம் இருக்காது, டவுன்லோடு செய்வதற்கான சாவி மட்டும்தான். பெட்டியின் முன்பக்க அட்டையில் கீழே போட்டிருக்கும். கழற்றி மாட்டுகிற டிஸ்க் டிரைவ் உள்ள பிஎஸ்5 என்றால் முதல்முறை டிரைவை இணைக்கவே நெட் வேண்டும். கடையிலேயே மாட்டி வாங்குங்கள்.

மேலே போன பிறகு

ஏற்காட்டு மூடுபனிக்கு வெளி டிரைவைத் திறந்த அலமாரியில் வைக்காதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டு வையுங்கள். மாதக்கணக்கில் எடுக்காமல் வைக்கப்போகிற நகலுக்கு எஸ்எஸ்டியைவிடப் பழைய வகை ஹார்டு டிஸ்க் மேல். எஸ்எஸ்டி ஆண்டுக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தால் உள்ளே இருப்பது மங்கலாம். இடி இறங்கும் மாலைகளில் ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்குங்கள்.

சேவ் கோப்புகளைத்தான் எல்லோரும் மறப்பார்கள். கேம் போனால் திரும்ப ஏற்றலாம், பிள்ளை ஆடிச் சேர்த்தது போனால் வீட்டில் இழவு விழுந்த மாதிரி ஆகிவிடும். கிளவுட் சேவ் மேலே வேலை செய்யாது. லூடுசாவி என்ற இலவச மென்பொருள் ஒவ்வொரு கேமின் சேவ் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தானே தேடி எடுத்து வெளி டிரைவில் போடும். பெரிய பையனுக்கு அதைச் சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

அவர்கள் கீழே வரும்போது டிரைவையும் கொண்டுவரச் சொல்லுங்கள். புது அப்டேட் வந்திருந்தால் இறக்கி, பழைய இன்ஸ்டாலருக்குப் பக்கத்தில் தனி போல்டரில் போடுங்கள். பழையதை உடனே அழிக்காதீர்கள். சில அப்டேட்டில் பழைய சேவ் திறக்காது, சிலவற்றில் லைசென்ஸ் முடிந்துபோன பாட்டைக் கேமிலிருந்தே எடுத்துவிடுவார்கள். புதியது மேலே போய் ஒழுங்காக ஓடுகிறது என்று போன் வந்த பிறகு, பழையதை வைத்துக்கொள்வதா அழிப்பதா என்று டிரைவில் இருக்கிற இடத்தைப் பார்த்து முடிவு செய்யலாம்.